டப்ளினில் முதல் நான்கு நாட்கள்: பகலில் ஊர், மாலையில் பப்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளின், நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊர். லிஃபி ஆறு அதை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. முதல்முறை போகிறவர் பார்க்க விரும்பும் இடங்களில் பெரும்பாலானவை ஆற்றின் இரு கரைகளிலும் அரைமணி நேர நடைக்குள் அடங்கிவிடும். அதனாலேயே பலர் ஒரே நாளில் எட்டு இடங்களை அடுக்கிக்கொண்டு ஓடி, இரவில் டெம்பிள் பார் பகுதியில் சிவப்புச் சாயம் பூசிய பப் ஒன்றின் வாசலில் படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை விமானம் ஏறிவிடுகிறார்கள். அப்படிப் போகவே வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான்கு பகலும் நான்கு மாலையும் ஒதுக்குங்கள். பகலுக்கு இரண்டு இடம், மாலைக்கு ஒரே ஒரு பப் போதும். டப்ளினில் பப் என்பது ஊர் பார்த்து முடித்த களைப்பில் போகிற இடம் அல்ல. பார்க்க வேண்டிய ஊரின் ஒரு பாதி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. மது அருந்தாதவருக்கும் இது பொருந்தும். அதைப் பின்னால் விளக்குகிறேன்.

கிளம்பும் முன்

விசாவில்தான் நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, யூரோ நாணயத்தைப் பயன்படுத்துகிறது, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் வட்டத்தில் இல்லை. பாரிஸுக்கு எடுத்த ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு டப்ளினில் இறங்க முடியாது. இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் தனி விசா வேண்டும். பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் ஓர் ஏற்பாட்டின்படி, அதற்குரிய குறிப்புடன் வழங்கப்பட்ட பிரிட்டன் சுற்றுலா விசா இருந்தால், இந்தியக் குடிமக்கள் முதலில் பிரிட்டனில் நுழைந்துவிட்டு அதே விசாவில் டப்ளினுக்கும் வரலாம். எல்லா பிரிட்டன் விசாவிலும் அந்தக் குறிப்பு இருக்காது என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் வசிக்கும் தமிழர்களிலும் பிரிட்டன் குடியுரிமை இன்னும் பெறாதவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாடுகளுக்கும் இடையே கெடுபிடியான எல்லைச் சோதனை இல்லை என்பதை நம்பி, விசா இல்லாமல் அவர்கள் கிளம்பிவிடக்கூடாது.

எப்போது போவது என்பதை வெயிலை வைத்து முடிவு செய்யாமல், வெளிச்சத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஜூன் மாதத்தில் இரவு ஏறத்தாழ 10 மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. டிசம்பரில் மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கோடையில் போனால் இரவு உணவுக்குப் பிறகும் ஆற்றங்கரையில் வெளிச்சத்தோடு நடக்கலாம். குளிர்காலத்தில் பகல் சுருங்கிவிடும், ஆனால் மழையில் நனைந்து வந்து கதவைத் தள்ளிக்கொண்டு பப்புக்குள் நுழையும்போது முகத்தில் அடிக்கும் வெதுவெதுப்புக்கு ஈடாகக் கோடை எதையும் தராது. மழை எந்த மாதத்திலும் வரும். அது நம் ஐப்பசி மழைபோல் கொட்டித் தீர்ப்பதில்லை. தூறி, நின்று, மறுபடி காற்றோடு சாய்ந்தடிக்கும். அந்தக் காற்றில் குடை நிற்காது. தலையை மூடும் தொப்பி வைத்த மழைச்சட்டையும் ஈரம் தாங்கும் காலணியும் எடுத்துச் செல்லுங்கள். மின்செருகி பிரிட்டனில் உள்ளதுபோன்ற சதுர முனைகள் கொண்ட மூன்று கால் வகை.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் கிடையாது, பேருந்துதான். தனியார் விரைவுப் பேருந்துகளும் இருக்கின்றன, சாதாரண நகரப் பேருந்துகளும் இருக்கின்றன. நகரப் பேருந்தில் காசாகக் கொடுப்பதானால் நாணயமாகவே கொடுக்க வேண்டும். நோட்டு வாங்க மாட்டார்கள், மீதிச் சில்லறையும் தர மாட்டார்கள். ஆகவே விமான நிலையத்திலேயே லீப் அட்டை ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. 1, 3, 7 நாட்களுக்கான சுற்றுலா லீப் அட்டைகள் கிடைக்கும். அதே அட்டை பேருந்திலும், லூவாஸ் எனப்படும் டிராமிலும், டார்ட் எனப்படும் கடலோர மின்ரயிலிலும் செல்லும். டிராமிலும் ரயிலிலும் ஏறும் முன் ஒருமுறை, இறங்கிய பின் ஒருமுறை அட்டையை இயந்திரத்தில் காட்ட வேண்டும். பேருந்தில் ஏறும்போது மட்டும் காட்டினால் போதும்.

பகல்கள்

முதல் நாளை டிரினிட்டி கல்லூரியில் தொடங்குங்கள். 1592-இல் நிறுவப்பட்ட கல்லூரி அது. அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் கெல்ஸ் நூல், ஏறத்தாழ கி.பி. 800 அளவில் கிறித்தவத் துறவிகள் கன்றுத்தோலில் கையால் எழுதி, வண்ணம் தீட்டிய நற்செய்தி ஏடு. 680 பக்கங்கள் உள்ள அதில் ஒரு நேரத்தில் ஓரிரு விரிப்புகளைத்தான் திறந்து வைத்திருப்பார்கள், கூட்டமும் நெருக்கும். ஆகவே அசல் ஏட்டின் முன் போய் நிற்பதற்கு முன்பே, பெரிதாக்கிக் காட்டும் படங்களில் எழுத்துகளின் இடுக்கைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்தின் வளைவுக்குள் பாம்பு பின்னிக் கிடக்கும், வரிகளுக்கு நடுவே பூனை நடக்கும். மேல்மாடியில் 65 மீட்டர் நீளமுள்ள பழைய நூலகக் கூடம் இருக்கிறது. பாதுகாப்புப் பணிக்காக 2022 முதல் அங்கிருந்த நூல்களை இறக்கிவிட்டார்கள் என்பதால், இணையத்தில் பார்க்கும் படங்களில் உள்ளதுபோல் கூரை வரை அடுக்கிய புத்தகங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வெற்று அலமாரிகளோடும் அந்த மரக்கூடம் கம்பீரமாகத்தான் இருக்கிறது.

அங்கிருந்து சில நிமிட நடையில் கில்டேர் தெருவில் தேசிய அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவு இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. பொன் நகைகளும், ஆடையில் குத்தும் தாரா ஊசியும், வழிபாட்டுக்கான ஆர்டா கிண்ணமும் எல்லோர் கண்ணிலும் படும். நீங்கள் நேரம் கொடுக்க வேண்டியது சதுப்பு நிலத்தில் கிடைத்த மனித உடல்களுக்கு. 2003-இல் கண்டெடுத்த இரண்டு உடல்கள் அங்கே இருக்கின்றன. இரண்டும் 2000 ஆண்டுகளுக்கு மேல் பழையவை. காற்றுப் புகாத, புளிப்பேறிய சதுப்பு மண் தோலைப் பதப்படுத்திவிட்டதால் ஒருவருடைய கைகள் அப்படியே இருக்கின்றன. நகங்கள் தெரிகின்றன, விரல் மடிப்பின் கோடுகள் தெரிகின்றன, இடது புயத்தில் தோலைப் பின்னிச் செய்த காப்பு இருக்கிறது. உடலுழைப்பு செய்யாத கை என்று அந்த நகங்களைப் பார்த்தே ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவர் தலைமுடியை மரப்பிசின் கலந்த தைலம் பூசி உயர்த்திச் சீவியிருக்கிறார். அந்தக் கைகளின் முன் நான் நின்ற அளவு நேரம் டப்ளினில் வேறு எந்தக் காட்சிப்பொருளின் முன்னும் நின்றதில்லை. அன்றைய மாலைக்கு அருகிலேயே சவுத் ஆன் தெருவில் உள்ள கீயோஸ் பப் பொருத்தம்.

இரண்டாம் நாள் கில்மைன்ஹாம் சிறை. இதற்கு மட்டும் இணையத்தில் முன்கூட்டியே சீட்டு எடுத்தே ஆக வேண்டும். வழிகாட்டியோடு குழுவாகத்தான் உள்ளே விடுகிறார்கள், இடங்கள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. முதல் பயணத்தில் நேரே போய் வாசலில் கேட்டேன். அந்த வாரம் முழுவதற்கும் இடமில்லை, பார்க்காமலே ஊர் திரும்பினேன். சிறைக்குப் போகும் முன் காலையில் ஓகானல் தெருவில் உள்ள தலைமை அஞ்சலகத்தைப் பார்த்துவிடுங்கள். 1916 ஏப்ரல் 24 அன்று, ஈஸ்டருக்கு மறுநாள், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சியாளர்கள் அந்தக் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான பாட்ரிக் பியர்ஸ் அதன் வாசலில் நின்று குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். முகப்புத் தூண்களில் குண்டு பட்ட வடுக்கள் இன்றும் இருக்கின்றன, விரலால் தொட்டுப் பார்க்கலாம். கிளர்ச்சி ஒரு வாரத்துக்குள் அடக்கப்பட்டது. அதன் தலைவர்களில் 14 பேரை மே மாதத் தொடக்கத்தில் கில்மைன்ஹாம் சிறையின் கல்லுடைக்கும் முற்றத்தில் சுட்டுக் கொன்றார்கள். காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் கட்டி வைத்துச் சுட்டார்கள். ஜோசப் பிளங்கெட், கிரேஸ் கிஃபர்ட் என்ற பெண்ணை அந்தச் சிறையின் தேவாலயத்தில் மணந்துகொண்டு, சில மணி நேரத்தில் சுவரின் முன் நிறுத்தப்பட்டார். தோல்வியில் முடிந்த ஒரு கிளர்ச்சி, இந்தத் தண்டனைகளுக்குப் பிறகே மக்கள் மனத்தை மாற்றியது. இந்த வரலாற்றை அறிந்துகொண்டு பப்புக்குள் நுழைகிறவருக்கு, சுவரில் மாட்டியிருக்கும் பழுப்பேறிய பிரகடனத் தாள் வெறும் அலங்காரமாகத் தெரியாது.

சிறையிலிருந்து நகரை நோக்கித் திரும்பும் வழியில் செயின்ட் ஜேம்ஸ் கேட்டில், கின்னஸ் என்ற கறுப்பு பீரின் காட்சியகமான கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ் இருக்கிறது. ஆர்தர் கின்னஸ் 1759-இல் ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9000 ஆண்டுகளுக்குக் குத்தகை எழுதிக்கொண்ட இடம் அது. சீட்டு விலை அதிகம், உள்ளே விளம்பரமும் அதிகம். ஆனாலும் உச்சித் தளத்தின் வட்டமான கண்ணாடி அறையிலிருந்து நகரம் முழுவதும், அதற்கப்பால் விக்லோ மலைகளும் தெரிவதால், வானம் தெளிந்த நாளில் போவது வீண் போகாது. அங்கே ஒரு சிறிய வேலை செய்யுங்கள். சட்டைப்பையில் உள்ள அயர்லாந்து யூரோ நாணயத்தை எடுத்துக் கின்னஸ் குவளையின் அருகில் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே யாழ், டிரினிட்டி கல்லூரியில் உள்ள பழைய யாழின் வடிவம். ஆனால் ஒன்று மற்றதற்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். கின்னஸ் நிறுவனம் 1876-இலேயே யாழை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டது. 1922-இல் விடுதலை பெற்ற அரசு யாழைத் தன் சின்னமாகக் கொள்ள விரும்பியபோது, அதைத் திருப்பி வைத்துக்கொண்டது.

மூன்றாம் நாளைச் சற்று இலேசாக வைத்துக்கொள்ளுங்கள். டப்ளின் கோட்டை வளாகத்துக்குள் இருக்கும் செஸ்டர் பீட்டி நூலகம் இலவசம். சுரங்கத் தொழிலில் செல்வம் சேர்த்த ஒருவர் வாழ்நாள் முழுவதும் சேகரித்துப் பொதுமக்களுக்கு விட்டுச் சென்ற பாப்பிரஸ் ஏடுகளும் குர்ஆன் பிரதிகளும் முகலாய ஓவியங்களும் ஜப்பானியச் சுருள்களும் அங்கே இருக்கின்றன, கூட்டமும் குறைவு. மெரியன் சதுக்கத்து தேசிய ஓவியக்கூடமும் இலவசம். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த, இயேசு கைது செய்யப்படும் ஓவியம் அங்கே இருக்கிறது. வேறொருவர் வரைந்ததென்று எண்ணப்பட்டு டப்ளினில் இயேசு சபையினரின் இல்லமொன்றில் பல ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்ததை, 1990-இல் அடையாளம் கண்டுகொண்டார்கள். மாலைக்கு சவுத் கிரேட் ஜார்ஜஸ் தெருவின் லாங் ஹால், அல்லது சந்துக்குள் ஒளிந்திருக்கும் ஸ்டாக்ஸ் ஹெட். இரண்டும் விக்டோரியா காலத்து மரவேலையும் கண்ணாடியும் கெடாமல் நிற்கும் பப்கள். முதல் பத்து நிமிடம் கூரையையும் கவுன்ட்டரையும் பார்க்கவே போதாது.

நான்காம் நாள் விருப்பத்தைப் பொறுத்தது. கடல் வேண்டுமென்றால் டார்ட் ரயிலில் அரைமணி நேரத்தில் ஹவ்த் என்ற மீன்பிடி ஊருக்குப் போய், பாறை முனையைச் சுற்றி வரும் பாதையில் நடக்கலாம். துறைமுகத் தண்ணீரில் கடல்நாய்கள் தலைநீட்டும். வெட்டவெளி வேண்டுமென்றால் 707 ஹெக்டேர் பரப்புள்ள ஃபீனிக்ஸ் பூங்கா, மான் கூட்டத்தோடு. அங்கே 62 மீட்டர் உயரமுள்ள வெலிங்டன் நினைவுத்தூண் நிற்கிறது. டப்ளினில் பிறந்து, 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் திப்பு சுல்தானுக்கு எதிராகப் படை நடத்தியவர்களில் ஒருவர், பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன். தூணின் அடியில் பதித்த வெண்கலப் பலகைகளில் ஒன்று இந்தியப் போர்களைக் காட்டுகிறது. என் விருப்பத்தைக் கேட்டால் கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டம் என்பேன். 1832-இல் திறக்கப்பட்ட அங்கே ஏறத்தாழ 15 லட்சம் பேர் அடங்கியிருக்கிறார்கள். நகரில் இன்று உயிரோடு இருப்பவர்களைவிட அதிகம். அயர்லாந்தில் பிரிட்டிஷ் படை நடந்துகொண்ட விதத்தை எதிர்த்து 1920-இல் பஞ்சாபின் ஜலந்தரில் ஆயுதத்தைக் கீழே வைத்த கானாட் ரேஞ்சர்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவின் ஐரிஷ் சிப்பாய்களின் நினைவுச் சின்னமும் அங்கே உண்டு. தோட்டத்தின் பழைய வாயிலை ஒட்டி, 1833 முதல் ஒரே குடும்பத்தார் கையில் இருக்கும் ஜான் கவானாஸ் பப் இருக்கிறது. குழி தோண்டுவோர் வந்து தாகம் தீர்த்த இடம் என்பதால் அதற்கு ஊர்வழக்கில் 'கிரேவ்டிக்கர்ஸ்' என்றே பெயர். தொலைக்காட்சி இல்லை, பாட்டு இல்லை, பேச்சு மட்டும்.

பப்புக்குள்

நம் ஊரில் மதுக்கடை என்றால் முகத்தை மறைத்துக்கொண்டு போய் வரும் இடம் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. டப்ளினுக்கு வருகிறவர், குறிப்பாகப் பெண்களும் பெற்றோரோடு வருகிறவர்களும், அந்த எண்ணத்தோடு வாசலிலேயே தயங்கி நின்றுவிடுகிறார்கள். அங்கே பப் என்பது தெருவின் பொதுத் திண்ணை. கைம்பெண் ஒருவர் மாலைச் செய்தித்தாளோடு வந்து உட்காருவார். துக்க வீட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு மூலையில் பேசிக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளும் பெற்றோரும் மதிய உணவு சாப்பிடுவார்கள். 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெற்றோரோடு இரவு 9 மணி வரை இருக்கலாம். மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். இளையவராகத் தோன்றினால் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். 2004 மார்ச் 29 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை. நாடு முழுவதும் பணியிடங்களில் புகையைத் தடை செய்த முதல் நாடு அயர்லாந்துதான்.

உள்ளே போனதும் மேசையில் உட்கார்ந்து பணியாளருக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரே கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கொடுத்து, நீங்களே எடுத்து வர வேண்டும். வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் பின் யார் வந்தார் என்பது பார்மேனின் மனத்தில் இருக்கும். நோட்டை ஆட்டுவதும், விரல் சொடுக்குவதும், குரல் கொடுப்பதும் அவமதிப்பாகும். கவுன்ட்டரில் கை வைத்து நின்று, அவர் கண்ணைப் பார்த்தால் போதும். ஒரு தலையசைப்பு வரும், உங்கள் முறை பதிவாகிவிட்டது என்று பொருள். 'பைன்ட்' என்றால் 568 மில்லிலிட்டர். அதில் பாதி வேண்டுமென்றால் 'எ கிளாஸ்' என்று கேட்க வேண்டும். முதல்முறை ருசி பார்ப்பவருக்கு அதுவே போதும். டிப்ஸ் கட்டாயமில்லை; மேசைக்கே கொண்டுவந்து கொடுத்தால் சில்லறையை விட்டு வருவது மரியாதை.

கின்னஸ் கேட்டவர் பொறுமையோடு நிற்க வேண்டும். பார்மேன் குவளையைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு நிரப்பி, கவுன்ட்டரின் மேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். உங்களை மறந்துவிட்டார் என்று எண்ணிக் கையை நீட்டிவிடாதீர்கள். அந்த ஒன்றரை நிமிடத்தில் குவளையைக் கண்ணெடுக்காமல் பாருங்கள். பானம் முழுவதும் முதலில் பால் கலந்த காப்பி நிறத்தில் கலங்கியிருக்கும். நுண்ணிய குமிழிகள் கண்ணாடியின் ஓரமாகக் கீழே இறங்குவதுபோல் தெரியும். வாயு எப்படிக் கீழே போகும் என்று வியப்பாக இருக்கும். நைட்ரஜன் குமிழிகள் குவளையின் நடுவில் திரவத்தையும் இழுத்துக்கொண்டு மேலேறுகின்றன. மேலேறிய திரவம் ஓரத்தின் வழியாகத் திரும்ப இறங்கும்போது சின்னக் குமிழிகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. நாம் வெளியிலிருந்து பார்ப்பது அந்த ஓரத்தை மட்டும்தான். பிறகு அடியிலிருந்து கருமை மெல்ல உயரும், மேலே வெண்ணெய் நிறத்தில் நுரை பிரிந்து நிற்கும். அப்போது பார்மேன் திரும்பி வந்து, குவளையை நிமிர்த்தி வைத்து மீதியை ஊற்றி, நுரை விளிம்புக்குச் சற்று மேலே எழும்ப வைத்துத் தருவார். அந்தக் கருமை வறுத்த வாற்கோதுமையால் வருகிறது. காப்பிக்கொட்டை மணம் அடிப்பதும் அதனால்தான். சாராயச் சத்து 4.2 விழுக்காடே. முன்பு தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்த்தார்கள். இப்போது சேர்ப்பதில்லை என்பதால் சைவ உணவுக்காரருக்கும் தடையில்லை.

நண்பர்களோடோ, பேச்சில் பழக்கமான உள்ளூர்க்காரர்களோடோ இருந்தால் 'ரவுண்டு' முறை வந்துவிடும். ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்தது இன்னொருவர். யாரும் கணக்குச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் கணக்குத் தெரியும். பிறர் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டுத் தன் முறை வரும் முன் எழுந்து போவதைப் பெருங்குறையாகக் கருதுவார்கள். ஐந்து பேர் கொண்ட ரவுண்டில் சேர்ந்தால் ஐந்து பைன்ட் குடித்தாக வேண்டிய நிலை வரும் என்பதால், அந்த அளவு உங்களால் ஆகாது என்றால் தொடக்கத்திலேயே "நான் என்னுடையதை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சேர்ந்த பிறகு பாதியில் விலகுவதுதான் சங்கடம்.

மது அருந்தாதவர்கள் ரவுண்டிலும் சேரலாம், பப்பிலும் மணிக்கணக்கில் உட்காரலாம். ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்த 'ராக் ஷாண்டி' என்ற சோடா கிடைக்கும். மதுச்சத்து நீக்கிய கின்னஸ் கிடைக்கும். பல பப்களில் ஒரு பானை தேநீர் கேட்டாலும் பாலோடு, நம் நாக்குக்கு ஏற்ற திடத்தோடு கொண்டுவந்து வைப்பார்கள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்கும் வழக்கம் பெரிதாக இல்லை. என் தாயார் ஸ்னக் எனப்படும் தடுப்பறை ஒன்றில் உட்கார்ந்து இரண்டு பானை தேநீர் குடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த முதியவரோடு உருளைக்கிழங்குப் பயிர் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எனக்குத் தெரிந்து அந்தப் பயணத்தில் அவர் மிகவும் மகிழ்ந்திருந்தது அன்றுதான். ஸ்னக் என்பது கவுன்ட்டரை ஒட்டி மரப்பலகையால் தடுத்த சிற்றறை. பொதுவில் குடிப்பதைப் பிறர் பார்க்க விரும்பாத பெண்களும் பாதிரியார்களும் காவலர்களும் முன்பு அதில் உட்காருவார்கள். சிறிய சன்னல் வழியாகக் குவளை உள்ளே வரும். பேகட் தெருவில் உள்ள டோனர்ஸ் பப்பின் ஸ்னக் பெயர் பெற்றது. மாலை 4 மணி அளவில் போனால் இடம் கிடைக்கலாம்.

சாப்பாட்டை மதியமே முடித்துக்கொள்வது நல்லது; பழைய பப்கள் பலவற்றில் இரவில் சமையல் இராது. அன்றைய சூப்பும் கோதுமைத் தவிட்டு ரொட்டியும் எளிய, நல்ல உணவு. சைவர்கள் சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 'டோஸ்டி' என்ற சுட்ட சாண்ட்விச்சில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும், அது இல்லாமல் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் மட்டும் வைத்துத் தரச் சொல்லலாம். 'பிளாக் புடிங்' என்பது இனிப்பு அல்ல, பன்றி இரத்தத்தில் செய்தது.

டெம்பிள் பார் பற்றி ஒரு சொல். அது ஒரு பப்பின் பெயரும்தான், ஆற்றை ஒட்டிய ஒரு பகுதி முழுவதன் பெயரும்தான். கல் பாவிய சந்துகளைப் பகலில் நடந்து பாருங்கள், அழகானவை. இரவில் அங்கே குவளை விலை நகரின் மற்ற பகுதிகளைவிடத் தெளிவாக அதிகம், சுற்றியிருப்பவர்களும் உங்களைப் போன்ற பயணிகளே. ஐந்து நிமிடம் நடந்தால் பூல்பெக் தெருவின் மல்லிகன்ஸ் வந்துவிடும். ஃப்ளீட் தெருவின் பேலஸ் பார் அதைவிட அருகில், செய்தித்தாள்காரர்கள் கூடிய பழைய இடம்.

இசை கேட்கும் மாலை

ஒரு மாலையை இசைக்கு என்று ஒதுக்கிவையுங்கள். ஸ்மித்ஃபீல்ட் சதுக்கத்தில் உள்ள காபிள்ஸ்டோன் பப்புக்கு லூவாஸ் சிவப்புத் தடத்தில் போகலாம். கில்மைன்ஹாம் போன நாளின் மாலைக்கு அது சரியாக அமையும். அங்கே நடப்பது கச்சேரி அல்ல, 'செஷன்'. மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒரு மூலை மேசையைச் சுற்றிப் பிடிலும் குழலும் கான்சர்டினா என்ற கைத்துருத்திக் கருவியும், முழங்கையால் துருத்தியை அமுக்கி ஊதும் இலன் பைப்பும் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்து வாசிப்பார்கள். முதுகு நமக்குத் தெரியும். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அதே மெட்டை இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு, நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அந்தத் தாவலில்தான் உடம்பு சிலிர்க்கும்.

அந்த மூலையில் காலி நாற்காலி இருந்தாலும் உட்காராதீர்கள்; அது வரப்போகும் இசைஞருக்கு உரியது. நான் தெரியாமல் உட்கார்ந்து, ஒரு மூதாட்டி பிடில் பெட்டியோடு வந்து மௌனமாக நின்ற பிறகே எழுந்தேன். கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுப் பழகிய நமக்குக் கை தானாக எழும். மெதுவாகக் காலால் தட்டலாம், உரக்கக் கைதட்டித் தாளம் போட்டால் வாசிப்பவர்களுக்கு இடைஞ்சல். இடையில் ஒருவர் துணையிசை எதுவும் இல்லாமல் தனியாகப் பாடத் தொடங்கினால் பப் முழுவதும் அடங்கிவிடும். அப்போது பேச்சை நிறுத்துங்கள், கவுன்ட்டரில் எதுவும் கேட்காதீர்கள். காணொளி எடுக்க வேண்டுமென்றால் இடைவெளியில் அனுமதி கேளுங்கள்.

மூடும் நேரம் வழக்கமாக வார நாட்களில் இரவு 11.30, வெள்ளி, சனியில் 12.30, ஞாயிறு 11. விளக்குகளை ஒருமுறை அணைத்து எரியவைப்பார்கள். அதன் பிறகு வாங்க முடியாது, கையிலிருப்பதைக் குடித்து முடிக்க அரைமணி நேரம் உண்டு. "உங்களுக்கெல்லாம் போக வீடு இல்லையா?" என்று பார்மேன் உரக்கக் கேட்பது பழைய வழக்கம், கோபம் அல்ல. குடித்த குவளையைக் கவுன்ட்டரில் கொண்டுபோய் வைத்து நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குவளையோடோ புட்டியோடோ தெருவில் இறங்கக்கூடாது. பொதுத் தெருவில் குடிப்பது நகர விதிகளின்படி குற்றம். தங்குமிடம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தால் ஹேபென்னி பாலத்தின் வழியாக நடந்து போங்கள். 1816-இல் கட்டிய இரும்பு நடைபாலம் அது. கடக்க முதலில் ஒருவருக்கு அரைப் பென்னி வாங்கினார்கள், பெயரும் அதிலிருந்து வந்தது. கட்டணம் 1919 வரை இருந்தது. மழை பெய்திருந்தால் தளம் வழுக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.